திப்பி போகும் வழி

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் விடிகாலை நாலரைக்கே குரல்கள் எழுந்துவிடும். "தேனி, போடி, கம்பம்" என்று ஒருவர் இழுப்பார். "வத்தலக்குண்டு, கொடைக்கானல்" என்று இன்னொருவர் எட்டுக்கட்டையில் முடிப்பார். மதுரைக்கு மேற்கிலும் வடமேற்கிலும் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் வாசல் இதுதான். மேலப்பொன்னகரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால், எனக்குப் பயணம் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவது இந்த நிலையத்தின் டீசல் வாடையும், அதற்குள்ளே ஊடுருவி வரும் காபி வாசமும்தான்.

அன்றும் ஒரு காபி கேட்டேன். மாஸ்டர் கண்ணாடி கிளாஸில் அரை ஸ்பூன் இன்ஸ்டன்ட் பொடியைப் போட்டு, சர்க்கரையைத் தட்டி, கொதிக்கும் பாலை உயரத்திலிருந்து விட்டார். இரண்டு ஆற்று ஆற்றியதும் நுரையோடு கைக்கு வந்துவிட்டது. அவர் காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதில் டீத்தூள் சக்கை குவிந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தவரின் பங்கு அந்த வாளியில் இருக்கிறது. என் காபிக்கோ அங்கே சக்கையே இல்லை. பொடி முழுக்கப் பாலில் கரைந்து மறைந்துவிட்டது.

ஆனால் காபிக்கொட்டை கரைகிற பொருளா? இல்லை. வறுத்து அரைத்த தூளில் வெந்நீரோடு போவது ஒரு பங்கு. மீதியெல்லாம் நாரும் எண்ணெயும் புரதமுமாகப் பின்தங்கும். அப்படியென்றால் என் கிளாஸுக்குச் சேர வேண்டிய திப்பி எங்கோ ஓர் ஆலையில் ஏற்கெனவே விழுந்து கிடக்கிறது. சர்வதேச காபி அமைப்பு வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு கிலோ இன்ஸ்டன்ட் காபிக்கு 2.6 கிலோ பச்சைக்கொட்டை. அந்த 2.6-ல் ஒன்றுதான் டப்பாவுக்குள் போகிறது. வறுக்கும்போது ஆவியாகும் ஈரம் போக மிச்சமெல்லாம் சக்கை. அது என்ன ஆகிறது என்ற கேள்வியோடுதான் அன்று தேனி பஸ்ஸில் ஏறினேன். தேனி மாவட்டத்தில் ஓர் இன்ஸ்டன்ட் காபி ஆலை இருக்கிறது. டாடா காபி நிறுவனம் தெலங்கானாவின் தூப்ரானிலும், இங்கே பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலத்திலும் ஆலைகளை நடத்தி வந்தது. 2024 ஜனவரியில் அந்த நிறுவனம் டாடா கன்ஸ்யூமர் புராடக்ட்ஸோடு சேர்ந்துவிட்டது.

எங்கள் வீட்டில் திப்பிக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. பித்தளை ஃபில்டரின் மேல்தட்டில் நாலு கரண்டி பொடி போட்டு, குடையை அழுத்தி, கொதிக்கும் நீரை விட்டு மூடினால் முதல் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். அது அப்பாவுக்கும், வீட்டுக்கு வருகிறவர்களுக்கும். அதே பொடியில் மறுபடி வெந்நீர் விட்டு இறக்குவது இரண்டாம் டிகாக்‌ஷன். அது பிள்ளைகளுக்கு. பாட்டி இதிலும் ஒரு படி மேலே போவாள். இரண்டாம் டிகாக்‌ஷனை எடுத்து வைத்து, மறுநாள் காலையில் அதையே சூடாக்கிப் புதுப்பொடியின் மேல் விடுவாள். "தண்ணிய ஊத்துறதுக்கு இதையே ஊத்துனா என்ன?" என்பாள். கடைசியில் மிஞ்சும் கறுத்த கட்டியைத் தட்டில் கொட்டி, கொஞ்சத்தைப் பாத்திரம் தேய்க்க எடுத்துக்கொள்வாள். மீன் அரிந்த கையில் தேய்த்துக் கழுவினால் கவிச்சி போய்விடும். மீதி கறிவேப்பிலைச் செடிக்கு.

பஸ் காளவாசலைத் தாண்டி, விராட்டிபத்து, அச்சம்பத்து வழியே நாகமலை புதுக்கோட்டைக்குப் போகும்போது வெளிச்சம் வந்துவிட்டது. வலப்பக்கம் நாகமலை நீண்டு படுத்திருந்தது. பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள் சிலர் இறங்கினார்கள். செக்கானூரணியில் ஏறிய பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "எங்க தம்பி, தேனிக்கா?" என்றார்.

"ஆண்டிபட்டி வரைக்கும்யா. அங்கிட்டிருந்து வைகை அணை வழியா பெரியகுளம் போகணும்."

"சொந்தக்காரங்க ஊரா?"

காரணத்தைச் சொன்னேன். காபி குடித்தபின் மிஞ்சும் சக்கை எங்கே போகிறது, அதை எரிபொருளாக்க முடியுமா, வேறு எதற்கு ஆகும் என்று தெரிந்துகொள்ளப் போகிறேன் என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தன் வலது முன்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே பழைய தீக்காயத் தழும்பு.

"வெளி ஸ்டேட்டுல ஒரு இன்ஸ்டன்ட் காபி கம்பெனி. பதினெட்டு வருசம் பாய்லர்ல நின்னேன் தம்பி. காபிச் சக்கையப் போட்டுத்தான் ஆவி எடுத்தோம்."

தேடிப் போனவனுக்குப் பக்கத்து இருக்கையில் பதில் வந்து அமர்ந்ததுபோல இருந்தது. உசிலம்பட்டி வரும்வரை அவர்தான் பேசினார், நான் கேட்டேன். ஆலையில் காபித்தூளை நிரப்பிய எஃகுத் தூண்கள் ஐந்தாறு வரிசையாக நிற்கும். அழுத்தத்தில் கொதிநிலைக்கு மேலே சூடேற்றிய நீர், ஏற்கெனவே பல முறை சாறு இறக்கிய பழைய தூள் இருக்கும் தூணில் முதலில் நுழையும். அங்கிருந்து அதைவிடப் புதிய தூள், அதைவிடப் புதியது என்று போய், கடைசியில் அப்போதுதான் நிரப்பிய தூணின் வழியே கெட்டிச் சாறாக வெளியே வரும். கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. நீர்த்த டிகாக்‌ஷனைப் புதுப்பொடியில் விட்டாளே, அதே கணக்கு. பொறியாளர்கள் எஃகில் கட்டியதை அவள் பித்தளையில் செய்துகொண்டிருந்தாள்.

"சாறெல்லாம் போன தூணைத் தொறந்தா சக்கை வெடிச்சு வரும் தம்பி. உள்ள பிரஷர் இருக்குல்ல? பீரங்கிச் சத்தம் கேக்கும். வர்றப்ப அது சேறு. அதை ஸ்க்ரூ பிரஸ்ல குடுத்துப் பிழியணும். எவ்வளவு பிழிஞ்சாலும் பாதிக்குப் பாதி தண்ணி நின்னுரும்."

"அதை அப்படியே எரிப்பீங்களா?"

"அப்படியே போட்டா தீ செத்துரும். உமி, மரச்சில்லுன்னு காஞ்ச சரக்கு கூடக் கலந்து போடணும். பிடிச்சுருச்சுன்னா நல்லா நின்னு எரியும். எண்ணெய்ப் பசை உள்ளதுல்ல? ஆனா ஒண்ணு, சூட்டுல ஒரு பங்கு அதோட தண்ணியக் காய வைக்கவே போயிரும்."

அவர் சொன்ன கடைசி வரிதான் இந்தப் பொருளின் முழு விவகாரம். நன்றாக உலர்ந்த காபிச் சக்கை ஒரு கிலோவை எரித்தால் ஏறக்குறைய 5,000 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். நல்ல விறகுக்குக் குறைந்ததல்ல. பல விறகுகளைவிடக் கூடுதல். ஆனால் ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டும் 540 கிலோகலோரி வேண்டும். பாதி ஈரத்தோடு ஒரு கிலோ சக்கையைப் போட்டால், அதில் எரிகிற பொருளே அரைக் கிலோதான். அந்த அரைக் கிலோவின் வெப்பத்திலும் ஒரு பங்கை உள்ளேயிருக்கும் நீர் தின்றுவிடும். அப்படியும் ஆலைக்கு அது லாபம். ஏனென்றால் சக்கை விழும் இடத்துக்கும் பாய்லருக்கும் நடுவே லாரி தேவையில்லை. ஒரு கன்வேயர் போதும். காபியை இறக்க ஆவி வேண்டும். அந்த ஆவிக்கு எரிபொருள் காபியே தருகிறது. நெஸ்லே நிறுவனத்தின் இருபதுக்கும் மேற்பட்ட காபி ஆலைகளில் இப்படிச் சக்கையை எரிக்கிறார்கள். பல ஆண்டுகளாக நடந்துவரும் வேலை இது.

பெரியவர் உசிலம்பட்டியில் இறங்கினார். இறங்கும்போது, "குவிச்சு மட்டும் வச்சுராதீங்க தம்பி, ஈரச் சக்கை உள்ளுக்குள்ள சூடேறும்" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் இருந்ததால் லண்டன் பஸ் ஞாபகத்துக்கு வந்தது. 2013-ல் அங்கே பயோ-பீன் என்ற நிறுவனத்தை ஆர்தர் கே என்ற இளைஞர் தொடங்கினார். காபிக் கடைகள், ரயில் நிலையங்கள், அலுவலகங்களிலிருந்து சக்கையைச் சேகரித்து, உலர்த்தி, விறகுக்கட்டை வடிவில் அழுத்தி விற்றார்கள். குளிர்கால அடுப்புகளுக்கு அது நன்றாகப் போனது. 2017 நவம்பரில் சக்கையிலிருந்து எடுத்த எண்ணெயை மற்றக் கொழுப்புகளோடு சேர்த்து, டீசலில் ஐந்தில் ஒரு பங்காகக் கலந்து லண்டன் பேருந்துகளுக்கு ஊற்றினார்கள். ஷெல் நிறுவனம் துணை நின்றது. அப்போது தயாரான காபி எண்ணெய் 6,000 லிட்டர். அது ஒரே ஒரு பஸ்ஸை ஓர் ஆண்டு ஓட்டுவதற்கு ஈடு என்றும், அதற்கு 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்பைக் காபியின் சக்கை வேண்டும் என்றும் அவர்களே சொன்னார்கள். நான் உட்கார்ந்திருந்த பஸ் போல ஒரே ஒரு பஸ். 25 லட்சம் கோப்பை. அந்த நிறுவனம் 2023-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய ஒரு முயற்சி அப்படி முடிந்ததைப் படித்த அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஈரப்பொருளைத் திரட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்பதை அவர்கள் நிஜமாகவே செய்து பார்த்தவர்கள்.

அந்த எண்ணெயின் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் மனோ மிஸ்ரா என்ற பொறியியல் பேராசிரியர் ஒருநாள் குடிக்காமல் விட்டுப்போன காபியின் மேல் மறுநாள் எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் கவனித்தார். நரசிம்மராவ் கொண்டமுடி, சுசாந்த மொகபத்ரா ஆகியோரோடு சேர்ந்து கடைகளிலிருந்து சக்கையை வாங்கி ஆராய்ந்தார். உலர்ந்த சக்கையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு எண்ணெய் இருந்தது. அதை பயோடீசலாக மாற்ற முடிந்தது. 2008-ல் கட்டுரை வெளியானது. காபி எண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் பொருட்கள் அதைச் சீக்கிரம் கெடாமல் காக்கின்றன என்பதும், எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவதும் எரிபொருளாகவோ உரமாகவோ ஆகும் என்பதும் அதன் கூடுதல் பயன்கள்.

இதை மதுரைக்கு அப்படியே கொண்டுவர முடியுமா என்று யோசித்தால் சிக்கரி குறுக்கே நிற்கிறது. நம் ஊர்ப் பொடிக்கடையில், "பிளாண்டேஷன் ஏ அரை, பீபெர்ரி அரை, சிக்கரி இருபது" என்று சொல்லி அரைத்து வாங்குகிறோம். சட்டப்படி சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம். சிக்கரி ஒரு வேர். அதில் எண்ணெய் மிகச் சொற்பம். பெரும்பகுதி நீரில் கரைந்து டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் தந்துவிடும். அதனால் நம் ஃபில்டரில் மிஞ்சும் திப்பி, அளவிலும் எண்ணெயிலும் வெளிநாட்டுச் சக்கைக்கு இளைத்தது. நெவாடாவின் கணக்கை மதுரைத் திப்பிக்குப் போட்டால் தப்பாகும்.

ஆண்டிபட்டிக் கணவாய் வந்தது. மலைகளின் இடுக்கில் சாலை வளைந்து இறங்கும்போது கூடவே ரயில் தண்டவாளம் தெரியும். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 இறுதியில் மூடினார்கள். அகலப்பாதையாகி 2022 மே மாதத்தில் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் ரயில் திரும்பி வந்தது. அந்தத் தண்டவாளத்தைப் பார்த்ததும் பிரேசில் நினைவு. 1930-களில் உலகமே பொருளாதார வீழ்ச்சியில் கிடந்தபோது அங்கே காபி விலை படுத்துவிட்டது. விலையைத் தூக்கி நிறுத்த 1931 முதல் 1944 வரை 7 கோடியே 80 லட்சம் மூட்டைக் காபியை அரசு அழித்தது. ஒரு மூட்டைக்கு 60 கிலோ. கொளுத்தினார்கள், கடலில் கொட்டினார்கள், கட்டிகளாக அழுத்தி ரயில் என்ஜின்களிலும் போட்டார்கள். யாரும் வாய் வைத்துக் குடிக்காத காபி நீராவி என்ஜினின் வயிற்றில் எரிந்தது. காபி எரியும் என்பதை உலகம் அவ்வளவு கசப்பாகத்தான் முதலில் பெரிய அளவில் தெரிந்துகொண்டது. தோட்டத்தில் பழம் பறித்தவர்கள் அந்தப் புகையை எப்படி முகர்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆண்டிபட்டியில் இறங்கிப் பெரியகுளம் பஸ் பிடித்தேன். ஏழெட்டு கிலோமீட்டரில் வைகை அணை. 1959-ல் காமராஜர் திறந்த அணை. 71 அடி வரை நீர் தேங்கும். எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் இங்கிருந்துதான் புறப்படுகிறது. ஆரப்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வைகை இருக்கிறது. சின்ன வயதில் ஆற்றில் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் சுரக்கும் மணல் இருந்தது. இன்று பல இடங்களில் மணல் போய்க் கட்டாந்தரையும் சீமைக்கருவேலும்தான்.

அணையைப் பார்த்தபடி மணலை நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ராஜீவ் ராய்சந்தும் உடன் பணியாற்றுகிறவர்களும் காபிச் சக்கையைக் காற்றுப் புகாமல் 350 டிகிரி செல்சியஸில் கருக்கிக் கரியாக்கினார்கள். கான்கிரீட்டில் போடும் மணலில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை எடுத்துவிட்டு அந்தக் கரியைச் சேர்த்தபோது கான்கிரீட்டின் வலு ஏறக்குறைய 30 சதவீதம் கூடியது. 500 டிகிரியில் கருக்கிய கரிக்கு அந்த வலு வரவில்லை. 2023-ல் இது வெளியானது. பச்சைச் சக்கையை நேரே கான்கிரீட்டில் கலந்தால் அதிலிருந்து கசியும் பொருட்கள் வலுவைக் கெடுத்துவிடும். கருக்கிய பின்தான் அது உதவுகிறது. உலகத்தின் காபிச் சக்கை முழுவதையும் கருக்கினாலும் கட்டுமானத்துக்குப் போகும் மணலுக்கு அது ஈடாகாது. உலகில் ஆண்டுக்கு விளைவதே சுமார் 1 கோடி டன் காபிக்கொட்டை. ஆனாலும் ஆறு இழந்த மணலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஒரு கூடை மணலாவது மிஞ்சும் என்ற செய்தி சின்னச் செய்தியாகத் தெரியவில்லை.

ஜெயமங்கலத்தில் இறங்கி நடந்தேன். வராக நதிப் பக்கத்து ஊர். வெற்றிலைக் கொடிக்கால், வாழை, தென்னை என்று கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆலைக்குள் போக நான் முன்கூட்டி அனுமதி வாங்கவில்லை, போகவும் முயலவில்லை. சாலையோரம் நின்றேன். காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பியபோது வறுத்த கொட்டையின் வாசம் வந்தது. ஆரப்பாளையம் கடை வாசத்தைவிடக் கனமானது, கொஞ்சம் கருகல் கலந்தது. கொடிக்காலில் வேலை முடித்து வந்த இரண்டு பெண்கள் என்னைக் கடந்து போனார்கள். அவர்களுக்கு அந்த வாசம் தெரிந்த மாதிரியே இல்லை. தினமும் அதில்தான் மூச்சு விடுகிறார்கள்.

அங்கே நின்றபோது மனதில் தெளிந்தது இதுதான்: திப்பியின் மதிப்பை முடிவு செய்வது அதன் எண்ணெயோ வெப்பமோ மட்டுமில்லை, அது எங்கே விழுகிறது என்பதும்தான். ஆலையில் டன் டன்னாக ஒரே இடத்தில் விழுகிறது. அதனால் விழுந்த அன்றே அது எரிபொருள். எங்கள் வீட்டில் விழுவதோ ஒரு கைப்பிடி. ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ பொடி என்று வைத்தால், உலர்ந்த திப்பியாக அறுநூறு, எழுநூறு கிராம் மிஞ்சும். ஆண்டு முழுவதும் சேர்த்து, ஒரு துளி ஈரமில்லாமல் காய வைத்தாலும் அதன் வெப்பம் 14.2 கிலோ கேஸ் சிலிண்டரில் கால் பங்குக்குத்தான் வரும். அதைத் திரட்ட லாரி ஓட்டினால் லாரி குடிக்கும் டீசல் அதிகம். லண்டன் கண்ட அனுபவத்தை நாமும் காசு கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

அப்படியானால் வீட்டுத் திப்பிக்கு மண்தான் வழி. அங்கேயும் கவனம் வேண்டும். திப்பியில் நைட்ரஜன் சுமார் 2 சதவீதம் உண்டு, நல்ல உரப்பொருள்தான். ஆனால் கொண்டுபோய்ச் செடியடியில் நேரே கொட்டினால் மெல்லிய துகள்கள் ஒட்டி ஓடு போலக் காய்ந்து தண்ணீரை உள்ளே விடாது. மிஞ்சிய காஃபீன் போன்ற பொருட்கள் இளம் வேரைத் தடுக்கும். 2016-ல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் ஹார்ட்குரோவும் லிவ்ஸ்லியும் மட்கவிடாத சக்கையை நேரே மண்ணில் கலந்து காய்கறி வளர்த்துப் பார்த்தார்கள். செடிகள் தெளிவாகக் குன்றிப்போயின. எங்கள் பாட்டியின் கறிவேப்பிலை எப்படித் தழைத்தது என்றால், அவள் திப்பியைச் செடிக்குப் போடும் முன் சாம்பல், காய்ந்த சருகு, சாணி இருக்கும் குழியில் போட்டு மூடி வைப்பாள். மாதக்கணக்கில் மட்கிய பிறகுதான் எடுப்பாள். அதற்கு அவள் காரணம் சொன்னதில்லை. "பச்சைக் குப்பை செடியச் சுடும்" என்பாள், அவ்வளவுதான்.

சிப்பிக்காளான் வளர்ப்பவர்களுக்கும் திப்பி உதவும். கொதிநீர் பட்டதால் அதில் கிருமி குறைவு. வைக்கோலைப் போல் தனியாக வேகவைக்க வேண்டாம். ஆனால் ஒரு நாளுக்குள் வித்தைக் கலந்துவிட வேண்டும். இல்லையென்றால் பச்சைப் பூஞ்சை முந்திக்கொள்ளும்.

வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவே இருப்பவைதான் என் கண்ணில் படுகின்றன: மெஸ்கள், ஹோட்டல்கள், கல்யாண மண்டபங்கள். ஒரு முகூர்த்த நாளில் மதுரை மண்டபம் ஒன்றில் விடிகாலையிலிருந்து காபி போய்க்கொண்டே இருக்கும். பெரிய அண்டாவில் இறக்கித் துணியில் வடிகட்டிய திப்பி ஒரே இடத்தில், ஒரே காலையில், கிலோக் கணக்கில் விழுகிறது. அது சோற்றோடும் இலையோடும் கலந்து வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குப் போனால் அடியில் அழுகி மீத்தேனாகும். தனி வாளியில் பிடித்தால் பக்கத்து உரக்கூடத்துக்கோ மல்லிகைத் தோட்டத்து எருக்குழிக்கோ போகும். ஸ்டார்பக்ஸ் என்ற உலகப் பெரும் காபிச் சங்கிலி 1995 முதல் தன் கடைகளில் சக்கையைப் பையில் கட்டித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுத்து வருகிறது. அவ்வளவு பணமும் ஆளும் உள்ளவர்களே கண்ட வழி, கடை வாசலில் ஒரு பை. நமக்கு ஒரு தனி வாளி போதும். அதை வைக்கச் சொல்லி மண்டபக்காரர்களிடம் கேட்க ஆள் வேண்டும். நான் கேட்கப் போகிறேன்.

பெரியகுளத்தில் பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பிட்டேன். அங்கே ஃபில்டர் காபி. கல்லாவில் இருந்த அக்காவிடம், "திப்பி இருந்தா கொஞ்சம் குடுங்கக்கா" என்று கேட்டேன்.

"எதுக்குத் தம்பி? மருந்துக்கா?"

"இல்லக்கா. எவ்வளவு தண்ணி இருக்குன்னு நிறுத்துப் பாக்கணும்."

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். காலையிலிருந்து சேர்ந்ததை ஒரு பையன் வழித்துக்கொண்டு வந்தான். "இதைத் தினம் சாக்கடையிலதான் கொட்டுறோம். ரெண்டு தடவை அடைச்சு ஆள் வச்சு எடுத்தோம்" என்றார் அக்கா. எடைக்கல் தராசில் நிறுத்துப் பார்த்தோம். 2 கிலோ 100 கிராம். இரண்டு பை போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

வத்தலக்குண்டு வழியாகத் திரும்பினேன். இடப்பக்கம் கீழ்ப்பழனி மலை கூடவே வந்தது. அதன் மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கமெல்லாம் காபித் தோட்டங்கள். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் தாண்டிக்குடியில் இருக்கிறது. நிழல் மரங்களுக்கு அடியில் விளைந்த கொட்டையின் கடைசி உருவம் என் மடியில் இருந்தது. இரண்டு பைகளையும் மீறி வேட்டியில் ஈரம் இறங்கியது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "பையில என்னங்க, ஒழுகுது?" என்றார். "காபித் திப்பிண்ணே" என்றேன். "கீழ வைங்க" என்று ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துக் கொடுத்தார். ஆரப்பாளையம் வந்து இறங்கும்போது அந்தத் தாள் முழுக்க ஊறிப் பழுப்பாகியிருந்தது.

மறுநாள் மொட்டை மாடியில் இரண்டு சொளகில் திப்பியைப் பரப்பினேன். மேலே வெள்ளைத் துணி போர்த்தி நாலு மூலையிலும் கல் வைத்தேன். ஒவ்வொரு மாலையும் நிறுத்தேன். முதல் நாள் 1 கிலோ 400. இரண்டாம் நாள் 950. மூன்றாம் நாள் கையில் அள்ளினால் மணலைப் போல விரலிடுக்கில் உதிர்ந்தது. தராசு 800 கிராம் காட்டியது. பெரியகுளத்திலிருந்து நான் சுமந்து வந்ததில் 1 கிலோ 300 கிராம் தண்ணீர்.

அந்த 800 கிராமில் ஒரு பிடியை எடுத்து, அம்மா வறட்டி தட்ட வைத்திருந்த சாணியில் பிசைந்தேன். அம்மா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் போடு" என்றார். "பாட்டி அள்ளி அள்ளிப் போடும்."

பாட்டி வறட்டியிலும் திப்பி போட்டாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. என்னென்ன போட்டாள், எவ்வளவு போட்டாள் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே தத்தனேரிப் பக்கம் வானம் இருண்டது. "சொளகைத் தூக்குடா முதல்ல" என்று அம்மா எழுந்தார். நான் ஒன்றையும் அவர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினோம்.